சுகர் மிஷின் வாங்கும் முன் ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள்

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாமியாருக்கோ சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு, மகனோ மகளோ மருந்துக் கடையிலோ இணையத்திலோ ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வருவது இன்று வழக்கமாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவுடன் நாடு தழுவி நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அது இருப்பதாகவும் தெரியவந்தது. அதனால் இந்தக் கருவியை முதன்முறையாக வாங்கப் போகிறவர்களும் நம்மிடையே ஏராளம். அவர்களில் பலர் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையோ, அன்றைக்குத் தள்ளுபடியில் கிடைத்ததையோ வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மீட்டர் அலமாரிக்குள் கிடக்கிறது. மிஷின் பழுதாகியிருக்காது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் செருகி இரத்தத் துளியைத் தொடவேண்டிய சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப் தீர்ந்திருக்கும், மறுபடி வாங்கக் கை தயங்கியிருக்கும்.

மீட்டருக்கு ஒரு முறைதான் பணம் கொடுக்கிறோம். ஸ்ட்ரிப்புக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ரிப் இன்னொரு நிறுவனத்தின் மீட்டரில் வேலை செய்யாது. ஒரே நிறுவனத்திலேயே ஒரு மாடலின் ஸ்ட்ரிப் அடுத்த மாடலுக்குப் பொருந்தாமல் போவதுண்டு. ஆகவே மீட்டரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அடுத்த சில ஆண்டுகளுக்கான ஸ்ட்ரிப்பையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். கீழே சொல்லியிருக்கும் படிகள் அனைத்தும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் படி: எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், அதிலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போடுபவர்கள், தினமும் சில தடவை பார்த்தே ஆக வேண்டியிருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடக்கூடியவை என்பதால், அவற்றை உட்கொள்கிறவர்களின் வீட்டிலும், வயதானவர்களாக இருந்தால் கட்டாயமாக, ஒரு மீட்டர் இருப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் செய்து, அளவு சீராக இருப்பவர் தினமும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், அதுவும் ஒரு நாள் வெறும் வயிற்றிலும் ஒரு நாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும்.

'எப்போதெல்லாம் பார்க்க வேண்டும், எந்த எண் வந்தால் உங்களை அழைக்க வேண்டும்' என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டு, மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகப் பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், சாப்பிட்ட பின் 180-க்குக் கீழும் இலக்காகச் சொல்லப்படுகிறது. எழுபது எண்பது வயதுக்காரர்களுக்கும் இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைவிடத் தளர்த்தியே இலக்கு வைப்பார். உங்கள் உறவினருக்கான எண் எது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத் தீர்மானிக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கடைகளில் சாதாரண மீட்டர் ஏறத்தாழ ரூ.500-இலிருந்து ரூ.1,500 வரைக்குள் கிடைத்துவிடுகிறது. ஸ்ட்ரிப் ஒன்றின் விலை ஏறத்தாழ ரூ.10-இல் தொடங்கி ரூ.30-ஐத் தாண்டியும் போகிறது. ஒருவர் தினமும் ஒரு முறை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ரூ.12 ஸ்ட்ரிப் என்றால் மாதம் ரூ.360, ஆண்டுக்கு ரூ.4,320 ஆகும். ரூ.25 ஸ்ட்ரிப் என்றால் மாதம் ரூ.750, ஆண்டுக்கு ரூ.9,000 ஆகும். மீட்டரை ரூ.500 தள்ளுபடியில் வாங்கிய மகிழ்ச்சி இரண்டே மாதத்தில் கரைந்துவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டு நாளுக்கு மூன்று முறை பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் மாதம் ரூ.1,000-ஐத் தாண்டிவிடுகிறது. ஓய்வூதியத்திலோ பிள்ளைகள் அனுப்பும் பணத்திலோ வாழும் ஒருவருக்கு அது பெரிய தொகை. அப்படிப்பட்டவர்கள் செலவைப் பார்த்து, சொல்லாமலே பரிசோதனையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதால், இந்தக் கணக்கு வெறும் சிக்கனம் சார்ந்தது அன்று.

எப்போதாவது மட்டும் பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்த பிறகு அது எத்தனை நாள் தாங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சில குப்பிகளைத் திறந்த 3 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சிலவற்றுக்கு 6 மாதம் கெடு. இன்னும் சிலவற்றை அச்சிட்டிருக்கும் காலாவதி தேதி வரையில் பயன்படுத்தலாம். வாரத்துக்கு இரண்டு முறை பார்ப்பவர் மூன்று மாதத்தில் 26 ஸ்ட்ரிப்தான் செலவழிப்பார். அவர் 50 ஸ்ட்ரிப் கொண்ட குப்பியை ரூ.600-க்கு வாங்கினால், கெடு முடியும்போது 24 ஸ்ட்ரிப் வீணாகிவிடும்; ரூ.12 என்று நினைத்த ஸ்ட்ரிப்பின் உண்மையான விலை ரூ.23 ஆகிவிடும். இத்தகையவர்களுக்கு 25 ஸ்ட்ரிப் குப்பியோ, ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனித்தனி உறையில் வரும் வகையோ, நீண்ட கெடு உள்ள ஸ்ட்ரிப்போதான் சிக்கனம். குப்பியின் ஒட்டுத்தாளில் அல்லது உள்ளே இருக்கும் தாளில் இந்தக் கெடு எழுதியிருக்கும். கடையில் நிற்கும்போதே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

விரலைக் குத்தும் லான்செட் ஊசியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த ஊசியைச் செருகிக் குத்தும் பேனாக்களில் பெரும்பாலானவற்றில், ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் பொதுவான உருண்டை ஊசி பொருந்திவிடும். சில நிறுவனங்களின் பேனாவில் அந்த நிறுவனத்தின் ஊசி மட்டுமே போகும்; அது விலை அதிகம், சிற்றூர்க் கடையில் கிடைப்பதும் அரிது. அப்படிப்பட்ட பேனா மீட்டரோடு வந்துவிட்டாலும் கவலையில்லை, பொது ஊசி பொருந்தும் பேனாவைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

விலை பற்றி அரசு எடுத்த இரண்டு நடவடிக்கைகள் வாங்குபவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளின் மீதான வணிக லாபத்துக்கு 70 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டர் மீதும் ஸ்ட்ரிப் மீதும் இருந்த ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைவிடக் குறைவாகவே பல கடைகளில் தருகிறார்கள் என்பதால், இரண்டு கடையில் விசாரிக்காமல் வாங்க வேண்டாம்.

'50 ஸ்ட்ரிப் வாங்கினால் மீட்டர் இலவசம்' என்ற சலுகை பொய்யான சலுகை அல்ல. சில சமயம் உண்மையிலேயே லாபமானது. ஆனால் அந்த மாடலின் ஸ்ட்ரிப்பை அடுத்த முறை தனியாக வாங்கும்போது என்ன விலை என்பதை அப்போதே கேட்க வேண்டும். விற்காமல் தேங்கிய பழைய மாடலைத் தள்ளிவிடுவதற்கும் இத்தகைய சலுகைகள் வருவதுண்டு.

மூன்றாம் படி: ஸ்ட்ரிப் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரு மீட்டர், உங்கள் அம்மா வசிக்கும் ஊரின் மருந்துக் கடையில் யாருக்கும் தெரியாத பெயராக இருந்தால் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்ட்ரிப் தீர்ந்துபோன அன்றைக்கு மழை பெய்யலாம், கூரியர் வராமல் போகலாம், நீங்கள் வெளியூரில் இருக்கலாம். அக்யு-செக், ஒன்டச், கான்டூர் பிளஸ், டாக்டர் மோர்பென் ஆகியவை தமிழ்நாட்டுக் கடைகளில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் இந்திய நிறுவனமான டாக்டர் மோர்பெனின் ஸ்ட்ரிப் பொதுவாக விலை குறைந்தது. உறவினர் வழக்கமாக மாத்திரை வாங்கும் கடைக்கே போன் செய்து, 'எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருப்பில் இருக்கும்?' என்று கேளுங்கள். அந்த விடையிலிருந்து இரண்டு மூன்று மாடல்களாகப் பட்டியலைச் சுருக்கிவிடலாம்.

நான்காம் படி: துல்லியத்தைப் பார்ப்பது எப்படி?

மலிவு என்பதற்காகத் தவறான எண்ணைக் காட்டும் கருவியை வாங்கினால், அது இல்லாமல் இருப்பதைவிடக் கேடு. தவறான எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டினால் ஆபத்து நேரிடும். வீட்டு மீட்டர்களுக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 15197, அதன் 2013 பதிப்பின்படி, ஆய்வகத்தில் 100-க்குக் கீழே உள்ள அளவுகளுக்கு மீட்டர் காட்டும் எண் 15 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம், 100-உம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் வரை விலகலாம், நூற்றுக்கு 95 அளவீடுகளாவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பெட்டியிலோ உள்ளிருக்கும் கையேட்டிலோ இந்தத் தரநிலையின் எண்ணும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியாவில் குளுக்கோமீட்டர்கள் மருத்துவக் கருவிகளுக்கான சட்ட ஒழுங்கின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டதால், பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத பெயரற்ற பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த 15 சதவீதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்னொரு வீண் செலவும் மிச்சமாகும். ஒரே நேரத்தில் இரண்டு விரலில் குத்திப் பார்த்து, ஒன்றில் 146, இன்னொன்றில் 158 என்று வந்தால், 'மிஷின் சரியில்லை' என்று மூன்றாவது ஸ்ட்ரிப்பையும் எடுத்துவிடுகிறோம். நடைமுறையில் அந்த இரண்டு எண்ணும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

சிலருக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. இரத்தச் சோகை உள்ளவர்களுக்குப் பல ஸ்ட்ரிப்புகள் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டும். அதனால் தாழ்ந்த சர்க்கரை கண்ணில் படாமல் போகலாம். நம் வீட்டுப் பெண்களிலும் சிறுநீரக நோயாளிகளிலும் சோகை எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால், இதை ஒதுக்கிவிட முடியாது. ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் 'ஹீமட்டோகிரிட்' என்ற சொல்லைத் தேடுங்கள். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது அது; சோகையில் அது குறைந்திருக்கும். சில ஸ்ட்ரிப்புகள் 30 முதல் 55 சதவீதம் வரையில்தான் சரியாக வேலை செய்யும். சில 10 முதல் 65 வரை தாங்கும். சோகை உள்ளவருக்கு இரண்டாம் வகைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் பயன்படுத்தினால், சில வகை ஸ்ட்ரிப்புகள் அதிலிருந்து உடலில் உண்டாகும் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று கருதி மிக உயர்ந்த எண்ணைக் காட்டிவிடும். இதனால் உலகின் சில இடங்களில் உயிரிழப்புகளே நேர்ந்திருக்கின்றன. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில ஸ்ட்ரிப்புகள் குறைத்துக் காட்டக்கூடும். இந்த நிலைகளில் இருப்பவர்களுக்கான மீட்டரை மருத்துவமனையில் கேட்டே வாங்க வேண்டும். விலையை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: யாருடைய கை, யாருடைய கண்?

வாங்குபவர் முப்பது வயதுக்காரர். பயன்படுத்தப் போகிறவர் எழுபது வயதுக்காரர். கடையில் நாம் எளிதென்று நினைப்பது அவருக்கு எளிதாக இருக்காது. என் பெரியம்மா ஸ்ட்ரிப் குப்பியின் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் மூடியை நெம்புவார், அது சட்டென்று திறக்கும்போது நான்கைந்து ஸ்ட்ரிப் பாயில் கொட்டிவிடும். ஒன்றை மட்டும் எடுக்க விரல் மடங்காது. எடுத்த பிறகு எந்த முனை மீட்டருக்குள் போக வேண்டும் என்பதைச் சன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் அதுவும் தெரியவில்லை. விரலைக் குத்தியதும் வரும் துளி, பல ஆண்டு வேலை செய்து தடித்துப்போன தோலில் கடுகளவுகூட இருக்காது. அதைக் கொண்டுபோய் ஸ்ட்ரிப்பின் முனையில் வைப்பதற்குள் கை நடுங்கி வேறிடத்தில் பூசிவிடும். திரையில் பிழை என்பதைக் குறிக்கும் 'எர்' என்று வரும். ஒரு ஸ்ட்ரிப் போய்விட்டது. மலிவான ஸ்ட்ரிப்பாக இருந்தாலும் மூன்றில் ஒன்று இப்படி வீணானால் அது மலிவான ஸ்ட்ரிப் ஆகாது.

ஆகவே கடையில் மீட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இயன்றால் பயன்படுத்தப் போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். எண்கள் பெரிதாக இருக்க வேண்டும். இருட்டில் தெரியும்படி திரையில் விளக்கு இருந்தால் நல்லது. ஸ்ட்ரிப் அகலமாகவும் சற்று விறைப்பாகவும் இருந்தால் பிடிக்க எளிது. தேவைப்படும் இரத்தத்தின் அளவைப் பெட்டியில் பாருங்கள், 0.5 அல்லது 0.6 மைக்ரோலிட்டர் போதும் என்பதும், 1 மைக்ரோலிட்டரோ அதற்கு மேலோ வேண்டும் என்பதும் தடித்த விரலுக்குப் பெரிய வித்தியாசம். துளி போதாவிட்டால் அதே ஸ்ட்ரிப்பில் சிறிது நேரத்துக்குள் இன்னொரு துளி சேர்க்க அனுமதிக்கும் வகைகளும் உண்டு. கான்டூர் பிளஸ் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கை நடுங்குபவர்களுக்கு இந்த வசதி, ஸ்ட்ரிப்பின் விலையில் இருக்கும் நான்கைந்து ரூபாய் வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். ஸ்ட்ரிப்பைச் செருகினாலே தானாக இயங்கத் தொடங்கும், பொத்தானைத் தொடவே தேவையில்லாத மீட்டரையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புதிய குப்பிக்கும் குறியீட்டு எண்ணை மாற்ற வேண்டிய பழைய வகை மாடல்கள் முதியவர்களுக்கு ஒத்துவராது; எண்ணை மாற்ற மறந்தால் அளவே தவறிவிடும்.

பேட்டரியையும் ஒரு முறை பாருங்கள். சி.ஆர்.2032 என்ற காசு வடிவ பேட்டரி எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்?

போனோடு இணையும் புளூடூத் வசதி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அன்றாடம் எண்களைப் பார்க்க வேண்டிய தேவை இருந்தால் மட்டும் பயனுள்ளது. இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஊசி குத்தாமலே சர்க்கரையைக் காட்டுவதாக விளம்பரம் செய்யும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் வாங்கவே வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அதை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் வேறு வகை. அது உண்மையான மருத்துவக் கருவி, இன்சுலின் போடுபவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது. ஆனால் ஒரு சென்சார் இரண்டு வாரம்போலத்தான் உழைக்கும், விலையோ ஆயிரக்கணக்கில். மருத்துவர் பரிந்துரைத்தால் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். மலிவான வழி தேடுபவருக்கு அன்றாடக் கருவியாக அது அமையாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் மீட்டரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் விற்கும் மீட்டர்கள் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் காட்டுபவை. நம் மருத்துவர்கள் பேசுவதோ டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். திரையில் 7 என்று வந்தால் அது 126. 10 என்று வந்தால் 180. இந்தக் கணக்குத் தெரியாத முதியவர் 12 என்ற எண்ணைப் பார்த்து, சர்க்கரை படுமோசமாக இறங்கிவிட்டது என்று பயந்து இனிப்பை வாயில் போட்டுக்கொள்வார். உண்மையில் அது 216. ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைப்பது அரிது. அன்போடு அனுப்புகிறவரிடம், மீட்டருக்குப் பதிலாக ஓராண்டு ஸ்ட்ரிப்புக்கான பணத்தை அனுப்பச் சொல்லலாம்.

ஆறாம் படி: வாங்கும்போதும் வாங்கிய முதல் வாரத்திலும்

ஸ்ட்ரிப் பெட்டியின் முத்திரை கிழியாமல் இருக்க வேண்டும். காலாவதி தேதிக்கு இன்னும் ஓராண்டாவது இருப்பது நல்லது. பெட்டியிலும் உள்ளிருக்கும் குப்பியிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்க வேண்டும். பில் கட்டாயம் வாங்குங்கள். பல நிறுவனங்கள் மீட்டருக்கு நீண்டகால உத்தரவாதம் தருகின்றன. பில்லும் பெட்டியும் இல்லாமல் அதைக் கேட்டுப் பெறுவது கடினம். பழைய ஸ்ட்ரிப்புகளைக் கைமாற்றி மலிவாக விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். அது எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை ஆய்வகத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கப் போகும்போது மீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். நரம்பில் இரத்தம் எடுத்த ஐந்து பத்து நிமிடத்துக்குள், கையைக் கழுவித் துடைத்து, விரலில் குத்தி மீட்டரிலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வக முடிவு 160 என்றால் மீட்டர் 136-க்கும் 184-க்கும் இடையில் காட்டியிருந்தால் சரி. இந்த ஒப்பீட்டைச் சாப்பிட்ட பின் செய்யக் கூடாது. அப்போது விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை, நரம்பு இரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஆய்வகத்தில் எடுத்த இரத்தம் நீண்ட நேரம் பிரிக்காமல் கிடந்தாலும், அணுக்கள் சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடும். ஆகவே ஒரு முறை வேறுபட்டதும் மீட்டரைக் குறை சொல்லாமல், இன்னொரு நாள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: சொல்லிக் கொடுப்பது

மாம்பழம் நறுக்கிய கை, வெல்லம் தட்டிய கை, பாயசம் பரிமாறிய கை என்று எதில் இனிப்பு ஒட்டியிருந்தாலும் மீட்டர் அந்தச் சர்க்கரையையும் சேர்த்தே அளக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது முழுவதும் போகாது. சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே குத்த வேண்டும். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துப்போகும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு; ஒவ்வொரு நாளும் விரலை மாற்றலாம். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெல்ல நீவினால் துளி வரும். நுனியை அழுத்திப் பிழிவது அளவைக் கெடுக்கும். துளியை ஸ்ட்ரிப்பின் மேல் பூசாமல், முனையைத் துளியின் ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். முதல் வாரம் நீங்கள் செய்து காட்டாதீர்கள். அவரைச் செய்யவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

குத்தும் பேனாவும் ஊசியும் ஒருவருக்கு ஒன்று. கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை இருந்தால் ஒரு மீட்டரைப் பகிர்ந்துகொண்டாலும் பேனாவைப் பகிரக் கூடாது. மஞ்சள் காமாலை வைரஸ் அந்த வழியில் பரவும்.

நம் ஊர் வெயில் ஸ்ட்ரிப்புக்குப் பெரும் எதிரி. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். சித்திரை வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ மதுரையிலோ ஓட்டு வீட்டுக்குள் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். அடுப்பங்கரை, டிவியின் மேல், வெயிலில் நிற்கும் கார், சன்னல் திட்டு ஆகிய இடங்களைத் தவிர்த்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் கீழ் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் ஈரம் படியும். ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே மூடியை அழுத்தி மூட வேண்டும். குப்பியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. திறந்த தேதியைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதுவது நல்ல பழக்கம்.

நோட்டில் தேதி, நேரம், வெறும் வயிறா சாப்பிட்ட பின்னா, எண் ஆகிய நான்கையும் எழுதினால் போதும். 70-க்குக் கீழே வந்தாலோ, எண் எதுவானாலும் வியர்த்துப் படபடப்பும் நடுக்கமும் இருந்தாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். திரையில் 'ஹை' என்று எழுத்து மட்டும் வந்தால், பெரும்பாலான மீட்டர்களில் 600-க்கு மேல் போய்விட்டது என்று பொருள். கையைக் கழுவி இன்னொரு முறை பார்த்து, அப்போதும் அதுவே வந்தால் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இந்த அறிவுரைகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மீட்டர் பையிலேயே வைத்துவிடுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளைத் திருகு மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் குப்பியில் சேர்த்து, நிறைந்ததும் மூடி ஒட்டி, குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். சில மருத்துவமனைகளில் வாங்கிக்கொள்வார்கள்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டு மாநிலம் முழுவதும் நடந்துவருகிறது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை அளவு பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் அந்த எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டால் ஒரு ஸ்ட்ரிப் மிச்சம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு மீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வெவ்வேறு நாளில், புதுக் குப்பி ஸ்ட்ரிப்பிலும், ஆய்வக எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், மீட்டரின் பின்புறம் அச்சிட்டிருக்கும் உதவி எண்ணை அழைத்து, பில்லைக் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள்.